மறுமொழி: ‘பாதுகாப்பாக அகற்று’ என்ற ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வரும் திங்களன்று பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சேமிப்புச் சாதன இயக்கிகளை, அதாவது சாதனத்தை இயக்கும் டிரைவர் நிரல்களைப் பற்றிப் பாடம் நடத்தவிருப்பதால், சேமிப்புச் சாதனத்தைக் கணினியிலிருந்து எடுக்கையில் நடக்கும் செயல்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பாக அகற்று’ என்றே தமிழில் சொன்னால் போதுமா என்று பேசிப் பாதியில் நின்ற இந்த இழையைத் தொடர்கிறேன்.

‘பாதுகாப்பாக அகற்று’ பயனருக்குப் போதும். இயக்கி எழுதுபவருக்குப் போதாது. கோப்பைச் சேமித்த பின்னும் தரவு சிறிது நேரம் நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் இயல்பான அமைப்பில், பொதுவாக 30 நொடி பழையதானதும் அது வட்டுக்குப் போகத் தகுதி பெறும். அன்மவுன்ட் செய்யும்போது, அதாவது சாதனத்தின் கோப்பு மரத்தைக் கணினியின் கோப்புறையிலிருந்து பிரிக்கும்போது, மிச்சத்தை எழுதிமுடித்துக் கோப்பு முறைமை விலகுகிறது. பிறகு சாதனத்தையே நீக்கும்போது, வட்டுக்குள் தனி எழுது கேஷ் (எழுத வேண்டிய தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) இருந்தால், ஸ்கஸி என்ற ஆணைத்தொகுதியைப் பயன்படுத்தும் வட்டு இயக்கி ‘சிங்க்ரனைஸ் கேஷ்’ ஆணையை அனுப்பி அதையும் காலி செய்யச் சொல்கிறது. இவை வெவ்வேறு செயல்கள். மாணவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

அன்மவுன்டுக்கு ‘இறக்கு’ என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தீர்கள். ‘பதிவிறக்கு’ நாள்தோறும் புழங்கும் வகுப்பில் அது நேர்மாறான பொருளைத் தரும். ‘நீக்கு’ கோப்பை அழிப்பதற்குப் போய்விட்டது. ‘விடுவி’யை நினைவகத்துக்கு வைத்துக்கொண்டோம். ஆகவே மவுன்டுக்குப் ‘பிணை’ என்றும் அன்மவுன்டுக்கு ‘அவிழ்’ என்றும் முன்மொழிகிறேன். ஒரு கோப்பு மரத்தை ஒரு கோப்புறையில் கட்டுவதும் அக்கட்டை எடுப்பதும்தானே இங்கு நடக்கின்றன? அவிழ்த்தேன், அவிழ்ந்தது எனப் பிறவினை, தன்வினை இரண்டுக்கும் ஒரே பகுதி என்பதால், கோப்பு ஏதேனும் திறந்திருந்து கெர்னல் மறுக்கும்போது, ‘அவிழவில்லை: பயன்பாட்டில் உள்ளது’ என்று பிழைச்செய்தியும் இயல்பாக அமைகிறது.

சாதனத்தை முறைப்படி எடுப்பது ‘கழற்றுதல்’. சொல்லாமல் பிடுங்கப்பட்டால், கெர்னலின் பார்வையில் அது ‘கழலுதல்’. ‘கழல்’ என்றால் வீரக்கழலும் இறைவன் திருவடியுமே நினைவுக்கு வரும் என்று நம் மூத்த உறுப்பினர் மறுத்தார். அவர் சொல்வது பெயர்ச்சொல்லுக்குப் பொருந்தும். வினையோ அகப்பாடல்களிலேயே தெளிவாக இருக்கிறது. பிரிவில் மெலிந்த தலைவியின் வளை தானே கழல்கிறது, எவரும் கழற்றுவதில்லை. இயக்கி எதிர்பாராத பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான தன்வினை எனக்குத் தோன்றவில்லை.

‘அவிழ்’ பேச்சு வழக்கில் ஆடையோடு ஒட்டிய சொல் என்ற தயக்கம் இருவருக்கு இன்னும் தீரவில்லை என்பதை அறிவேன். மாட்டையும் மூட்டையையும் நாம் அவிழ்க்கத்தான் செய்கிறோம் என்பதற்கு மேல் என்னிடம் விடையில்லை. ஞாயிறு இரவுக்குள் வேறு சொல் வராவிட்டால், ‘அவிழ்’ என்று எழுதி, பக்கத்தில் அன்மவுன்ட் என்றும் குறித்து அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.