பென்டக்ஸ் கே1000: வெயில் படங்களில் மட்டும் ஓரம் கறுக்கிறது

கல்லடிக்காரன்:
கைமாறி வந்த பென்டக்ஸ் கே1000 கமரா ஒன்றை வாங்கினேன். முதல் றோலைக் கழுவியதும் மனம் விட்டுப்போயிற்று. கல்லடிப் பாலத்திலும் கடற்கரையிலும் நண்பகலில் எடுத்த படங்களில் ஒரு பக்க ஓரம் கறுத்துக் கிடக்கிறது. எப்போதும் அதே பக்கம். அகலம் மட்டும் கூடிக் குறைகிறது. வீட்டுக்குள் அம்மம்மாவை எடுத்தவை அத்தனையும் சுத்தம். பிலிம் கறுப்பு வெள்ளை, வேகம் ஐஎஸ்ஓ 400. வெளிச்சம் காட்டும் முள் அசையவே இல்லை. ஆகையால் வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப்11, வேகம் 1/1000 விநாடி என்று கணக்குப் போட்டே எடுத்தேன். விற்றவர் "தங்கமான கமரா" என்றார். பிழை எங்கே?

ஆரையம்பதி:
வெளிச்சம் கசிகிறது. பின்கதவு ஓரத்தில் வெளிச்சத்தை அடைக்கும் பஞ்சை விரலால் தடவிப் பாருங்கள், தார் போல ஒட்டும். புதுப் பஞ்சு வைத்தால் சரி.

கல்லடிக்காரன்:
ஒட்டுகிறது! விரலெல்லாம் கறுப்பு. இதுதானா?

அக்கரைப்பற்றுக் காக்கா:
பொறுங்கள் தம்பி. பஞ்சை மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தல்ல. வெளிச்சம் கசிந்தால் படம் வெளுக்கும், கறுக்காது. நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்து, அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கல்லடிக்காரன்:
வெறும் கண்ணாடி போல இருக்கிறது காக்கா. ஒரு தென்னோலை பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது.

அக்கரைப்பற்றுக் காக்கா:
நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம்தான் கறுக்கும். அப்படியென்றால் அந்த இடத்துக்கு வெளிச்சமே போகவில்லை. கோளாறு ஷட்டரில்.

உள்ளே இரண்டு துணித்திரைகள் உண்டு. முதலாவது திறந்து ஓடும், இரண்டாவது மூடிக்கொண்டு துரத்தும். 1/60இல் பிலிம் முழுவதும் ஒரு கணம் திறந்திருக்கும். 1/1000இல் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு மட்டுமே ஓடும். இந்தக் கமராவை 1976 முதல் 1997 வரை செய்தார்கள்; உள்ளே பூசிய கிறீஸ் இன்னுமா இளகி இருக்கும்? முதல் திரை தளர்ந்தால் மற்றது எட்டிப் பிடித்துவிடும், இடுக்கு வழியிலேயே மூடிவிடும். அம்மம்மா தப்பியது வீட்டுக்குள் வேகத்தைக் குறைத்து எடுத்ததால்தான்.

பழைய பெட்டித் தொலைக்காட்சி எங்காவது இருந்தால், லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, ஒளிரும் திரைக்கு நேரே பிடித்து 1/1000இல் அழுத்துங்கள். பின்பக்கமாகப் பார்த்தால் சாய்ந்த ஒளிப்பட்டை தெரியும். ஒரு பக்கம் அது மெலிந்து மறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிலிம் இல்லாமல் ஐம்பது அறுபது தடவை இழுத்து அழுத்திப் பாருங்கள். சில நேரம் இளகும். இல்லையென்றால் கழற்றிச் சுத்தம் செய்து திரையின் இழுவையைச் சரிபார்க்க வேண்டும். அது கைதேர்ந்தவர் வேலை. எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி விட்டு, திரைத்துணி முழுக்க ஊறவைத்த புத்திசாலி நான்.

அதுவரை ஐஎஸ்ஓ 100 பிலிம் போடுங்கள். நல்ல வெயிலுக்கு எஃப்16, 1/125 போதும். 1/1000 பக்கம் போகவே தேவையில்லை.

ஆரையம்பதி:
நெகட்டிவைக் கேட்காமல் வாய் விட்டுவிட்டேன். மன்னிக்கவும் தம்பி.

கல்லடிக்காரன்:
பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பட்டை வெற்றிலை நுனி போலக் கூர்ந்து மறைந்தது. அறுபது தடவை அழுத்திய பிறகு 1/500 நேராகிவிட்டது, 1/1000 இன்னும் கூர்கிறது. அந்த முள்ளுக்கு என்ன செய்வது?

அக்கரைப்பற்றுக் காக்கா:
அடியில் எல்ஆர்44 பற்றரி ஒன்று இருக்கும். பச்சை பூத்திருந்தால் பஞ்சுக்குச்சியில் வினாகிரி தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் புதிதைப் போடுங்கள். இந்தக் கமராவில் அந்த முள்ளை அணைக்கச் சுவிச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பற்றரி ஓய்வெடுக்கும். மூடி இருக்கிறதா?

கல்லடிக்காரன்:
விற்றவரிடம் கேட்டேன் காக்கா. அவர் வாங்கும்போதே மூடி இல்லையாம்.