மினாக்சிடில், தைராக்சின், பயோட்டின், இரும்பு: எல்லாம் ஒரே காலையில் போடலாமா?

வகிடு34:
வயது 34. வகிடு அகலமாகிட்டே வருது. தோல் டாக்டர் முடி வளர மினாக்சிடில் 2% லோஷன் காலை, இரவு 1 மி.லி. தடவச் சொல்லியிருக்கார். தைராய்டுக்கு தைராக்சின் 50 மைக்ரோகிராம், காலை 6 மணிக்கு வெறும் வயித்துல. ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் (உடம்புல சேமிச்ச இரும்போட அளவு) 12, வைட்டமின் டி 14-ன்னு குறைவா இருந்ததால ஃபெரஸ் அஸ்கார்பேட்ங்கிற இரும்பு மாத்திரை 100 மி.கி. தினமும், டி3 60,000 யூனிட் வாரம் ஒண்ணு எழுதினார். இது போக நானே கடையில வாங்கினது பயோட்டின் (முடிக்குன்னு விற்கிற பி வைட்டமின்) 10 மி.கி., ஜிங்க் 50 மி.கி., ஒரு ஹேர் கம்மி. தைராக்சின் தவிர எல்லாத்தையும் 8 மணி டிபனோட போட்டுட்டு காபி குடிச்சிடறேன். ஆறு வாரம் ஆச்சு, முன்னைவிட அதிகமா கொட்டுது. போன வாரம் தைராய்டு டெஸ்ட்ல டி.எஸ்.ஹெச். (இது ரொம்பக் குறைஞ்சா தைராய்டு ஹார்மோன் அதிகமா இருக்குன்னு அர்த்தம்) 0.08. அதுக்கு முன்னாடி 2.9. தைராக்சினைக் குறைக்கணுமா?

லேப்_மேசை:
குறைக்காதீங்க. அந்த 0.08 உண்மையான அளவான்னே முதல்ல பார்க்கணும்.

பல லேப் மெஷின்கள்ல டி.எஸ்.ஹெச்.-ஐப் பிடிக்கிற ஆன்டிபாடி பயோட்டின் கொக்கியோட இருக்கும். அந்தக் கொக்கி ஸ்ட்ரெப்டாவிடின் (பயோட்டினைப் பிடிச்சுக்கிற புரதம்) பூசின துகள்ல போய் மாட்டினாத்தான் சிக்னல் வரும். ரத்தத்துல ஏற்கெனவே பயோட்டின் நிறைஞ்சிருந்தா, அது முந்திக்கிட்டு துகள்ல உட்கார்ந்துடும். சிக்னல் விழும், மெஷின் "டி.எஸ்.ஹெச். குறைவு"ன்னு அடிச்சிடும். தைராய்டு ஹார்மோனான டி4-ஐப் பார்க்கிற டெஸ்ட் வேலை செய்யுற விதம் தலைகீழ், அதனால அது பொய்யா அதிகமா வரும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு தைராய்டு எகிறிட்ட மாதிரியே தோணும். ஒரு நாளுக்குத் தேவையான பயோட்டின் 30 மைக்ரோகிராம்தான். நீங்க எடுக்கிறது 10,000. மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனினும் இதே மாதிரி பொய்யா குறையலாம், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லயே எச்சரிச்சிருக்கு.

பயோட்டினை நிறுத்தி மூணு நாள் கழிச்சு மறுபடி ரத்தம் கொடுங்க. கம்மியிலயும் பயோட்டின் இருக்கும், அதையும் நிறுத்துங்க. ஃபெரிட்டின் எடுத்தப்போ பயோட்டின் ஆரம்பிச்சிருந்தீங்களா? ஆமான்னா அந்த 12-உம் சந்தேகம்தான்.

மருந்தகம்_ராணி:
இதில் இன்னொரு சிக்கல் மறைந்திருக்கிறது. இரும்பு தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் இடைவெளி 2 மணி நேரம், வேண்டியது 4. எனவே உண்மையான டி.எஸ்.ஹெச். ஏறிக்கொண்டிருக்கலாம், பயோட்டின் அதை இறங்கியதாகக் காட்டியிருக்கலாம். இந்த நிலையில் டோஸைக் குறைத்தால் தைராய்டு இன்னும் மந்தமாகும், அதுவே முடியைக் கொட்டவைக்கும்.

6 மணிக்கு தைராக்சின், தண்ணீரோடு மட்டும். காபி 7 மணிக்கு மேல். இரும்பை 11 மணிக்கு வையுங்கள், எலுமிச்சைச் சாறோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ, பால், கேழ்வரகுக் கஞ்சி வேண்டாம். டிபனோடும் காபியோடும் போட்ட ஆறு வார இரும்பில் பெரும்பகுதி வீணாகியிருக்கும். ஒரு டோஸ் உள்ளே போனதும் ஹெப்சிடின் (குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹார்மோன்) ஏறி அடுத்த 24 மணி நேரம் கதவைச் சாத்திவிடும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மலம் கருப்பாகப் போவது இயல்பு.

டி3-ஐ எண்ணெய், நெய் சேர்ந்த மதிய சாப்பாட்டோடு எடுங்கள். வழக்கமாக 8 வாரம், அதற்குமேல் டாக்டர் சொல்லாமல் தொடரக் கூடாது.

ஜிங்க்கை நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு மேல்வரம்பே 40 மி.கி. மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் செம்பு குறைந்து, இரும்புக்கு அசையாத ரத்தசோகை வரும். கம்மி டப்பாவின் பின்பக்கம் வைட்டமின் ஏ, செலினியம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டில் எது மிஞ்சினாலும் முடி கொட்டும். குறைபாடு இல்லாத சத்தைக் கூட்டி முடி வளர்ந்துவிடாது.

தோல்நலம்:
கொட்டுவது பெரும்பாலும் மினாக்சிடில் வேலை ஆரம்பித்த அடையாளம். ஓய்வில் இருந்த முடியைத் தள்ளிவிட்டுத்தான் புது முடி முளைக்கும். 2 முதல் 8 வாரம் வரை இப்படி இருக்கும். விழுந்த முடியின் வேர் நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஓய்வு முடிந்து விழுந்தது. இதைப் பார்த்து பயந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

தடவும் இடம் காய்ந்த தோல், முடி அல்ல. வகிட்டில் ஆறேழு புள்ளியாக விட்டு விரலால் பரப்புங்கள், 4 மணி நேரம் தலையை நனைக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் தடவினால் மருந்து எண்ணெயிலேயே நின்றுவிடும். எண்ணெயைத் தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து, அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு லோஷன். அரிப்பும் செதிலும் வந்தால் லோஷனில் இருக்கும் கரைப்பானான புரோபிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் ஃபோமுக்கு மாற்றக் கேளுங்கள். கர்ப்பத்துக்கு முயற்சி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்னால் டாக்டர் முடி உதிர்வுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சேர்த்தால், தினமும் இளநீர் குடிக்கும் பழக்கம் இருப்பதைச் சொல்லுங்கள். இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றும்.

வகிடு34:
ஃபெரிட்டின் பயோட்டினுக்கு முன்னாடி எடுத்தது. மூணு நாள் கழிச்சு ஒரு டெஸ்ட் போதுமா?

லேப்_மேசை:
அப்போ 12-ஐ நம்பலாம். டி.எஸ்.ஹெச். ரெண்டு தடவை பாருங்க. இப்போ எடுக்கிறது பயோட்டின் பொய்யை விலக்க. நேரம் மாத்தினதோட பலன் தெரிய 6 வாரமாவது ஆகும், அதுக்கு அப்புறம் இன்னொண்ணு. அதே லேப், தைராக்சின் போடுறதுக்கு முன்னாடி காலையில. டோஸ் பத்தி டாக்டர் முடிவெடுக்க ரெண்டு ரிப்போர்ட்டையும், பயோட்டின் எடுத்த தேதிகளையும் சேர்த்துக் காட்டுங்க.