மண்ணீரலில் 4 செ.மீ. ஒற்றைக் கட்டி, டி2-வில் கறுப்பு: ஹெமாஞ்சியோமாவா, சான்ட்டா?

கேள்வி:
வேறு காரணத்துக்கு எடுத்த சி.டி.யில் தற்செயலாகத் தெரிந்த கட்டி. கான்ட்ராஸ்ட் (படத்தில் திசுவை வேறுபடுத்திக் காட்ட ரத்தத்தில் ஏற்றும் மருந்து) ஏற்றி 70-வது விநாடியில் எடுத்த போர்ட்டல் ஃபேஸ் (சிரைக் கட்டம்) மட்டும்தான் இருக்கிறது. அதில் சுற்றியுள்ள திசுவைவிட மங்கல். எம்.ஆர்.ஐ.யில் டி2 (நீர்மம் வெளுப்பாகத் தெரியும் பட வகை) கறுப்பு. கான்ட்ராஸ்ட் காடோக்ஸெடேட் (கல்லீரல் செல்கள் உறிஞ்சும் வகை). ரிப்போர்ட் "ஹெமாஞ்சியோமா" (சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி) என்கிறது. டி2-வில் பளிச்சென்று இல்லாததுதான் உறுத்துகிறது. அடுத்து பயாப்ஸியா (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பதா)?

பதில் 1:
உறுத்துவது சரியே. ஹெமாஞ்சியோமா பெரும்பாலும் டி2-வில் வெளுப்பாகத்தான் இருக்கும். ஒற்றைக் கட்டி, டி2 கறுப்பு என்றால் முதலில் சான்ட்டை (SANT, மண்ணீரலில் வரும் புற்றல்லாத, நார்த்தன்மையுள்ள ரத்தக்குழாய்க் கட்டி) நினையுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஆரக்கால்போல் கான்ட்ராஸ்ட் நுழையும், நடுவிலுள்ள நார்த்தழும்பு கடைசியில்தான் நிறையும். அதைப் பார்க்க, கான்ட்ராஸ்ட் ஏற்றி 5 நிமிடம் கழித்து எடுக்கும் படம் கட்டாயம், முடிந்தால் 10 நிமிடமும். அங்கேதான் காடோக்ஸெடேட் காலை வாரும்: டோஸ் 0.025 மில்லிமோல்/கிலோதான், அதிலும் ஒரு பங்கைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளும், தாமதப் படம் சோகையாகிவிடும். சாதாரண எக்ஸ்ட்ராசெல்லுலர் (செல்லுக்குள் நுழையாத) காடோலினியம் கான்ட்ராஸ்ட் 0.1 மில்லிமோல்/கிலோ போட்டு மறுபடி எடுங்கள்.

ஆர்டீரியல் ஃபேஸை (கான்ட்ராஸ்ட் தமனியில் இருக்கும் தொடக்கக் கட்டத்தை) மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அப்போது நல்ல மண்ணீரலே வரிக்குதிரைபோல் பட்டை பட்டையாகத் தெரியும். சிறு கட்டி அதில் ஒளிந்துகொள்ளும், இல்லாத கட்டியும் முளைக்கும்.

பதில் 2:
எம்.ஆர்.ஐ.யின் இன்-ஃபேஸ், ஆப்போஸ்ட்-ஃபேஸ் படங்களையும் (நீர், கொழுப்பு சிக்னல்கள் ஒன்றுகூடும்போதும் எதிரெதிராகும்போதும் எடுப்பவை) பாருங்கள். 1.5 டெஸ்லா காந்தத்தில் எக்கோ நேரம் (சிக்னலைப் பிடிக்கும் நேரம்) ஆப்போஸ்ட்டுக்குச் சுமார் 2.3, இன்-ஃபேஸுக்கு 4.6 மில்லி விநாடி. இன்-ஃபேஸில் மேலும் கறுத்தால் ஹீமோசிடரின் (பழைய ரத்தக்கசிவு விட்டுச்சென்ற) இரும்பு. 3 டெஸ்லாவில் சில புரோட்டோகால்களில் இன்-ஃபேஸ் முந்திவிடும். அப்போது இரும்பு ஆப்போஸ்ட்டில் கறுத்து, கொழுப்பென்று ஏமாற்றும். எக்கோ நேரத்தைப் படத்திலேயே சரிபாருங்கள்.

இரும்பு இருந்தாலே சான்ட் ஆகிவிடாது, லிட்டோரல் செல் ஆஞ்சியோமாவிலும் (மண்ணீரலின் இன்னொரு வகை ரத்தக்குழாய்க் கட்டி) வரும். ஆனால் அது பொதுவாகப் பல கட்டிகள், மண்ணீரலும் வீங்கியிருக்கும். ஹமார்டோமா (மண்ணீரலின் சொந்தத் திசுவே ஒழுங்கின்றித் திரண்ட கட்டி) கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி.யில் திசுவோடு திசுவாகக் கலந்து, வெளி விளிம்பின் வீக்கத்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

கேட்டவர்:
இன்-ஃபேஸில் கறுக்கிறது, 1.5 டெஸ்லாதான். பெட் சி.டி. உதவுமா?

பதில் 3:
ஓரளவுதான். சான்ட்டும் எஃப்.டி.ஜி.யை (பெட் ஸ்கேனில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையை) இழுக்கலாம், ஆகவே பெட்டில் ஒளிர்வது புற்று என்பதற்குச் சாட்சியில்லை. ஆஞ்சியோசார்கோமாவுக்கு (ரத்தக்குழாய்ப் புற்றுக்கு) வேகமான வளர்ச்சி, உள்ளே ரத்தக்கசிவும் அழுகலும், கல்லீரலில் கட்டிகள், மண்ணீரல் வெடித்து வயிற்றில் ரத்தம் ஆகியவற்றைத் தேடுங்கள். பழைய ஸ்கேன் எங்காவது கிடைத்தால் அதுவே பெரிய உதவி.

பயாப்ஸி செய்தே ஆகவேண்டுமென்றால் பிளேட்லெட் 50,000-க்கு மேல் இருக்கட்டும். 18 கேஜ் ஊசி நல்ல திசு வழியாகப் போகட்டும். உறையை ஒட்டிய கட்டியை நேராகக் குத்தினால் கசிவை அடைக்கத் திசு இருக்காது. பேத்தாலஜியில் சிடி31, சிடி34, சிடி8 மூன்று மார்க்கர்களையும் (ரத்தக்குழாய் வகையைக் காட்டும் புரதங்களுக்கான சாயச் சோதனைகள்) கேளுங்கள். சான்ட்டில் மூன்று வகை ரத்தக்குழாய்கள் கலந்திருக்கும், ஒற்றை மார்க்கர் போதாது. சிறு துண்டில் அந்தக் கலவை தப்பிவிடும் என்பதால், சந்தேகம் நீடித்தால் பலர் நேரடியாக மண்ணீரலை எடுத்துவிடுகிறார்கள்.