யானைக்காது இலையில் வெளிறிய திட்டு, ஹெலிகோனியா ஓரத்தில் கருகல்: நோயா, வெயிலா, உரமா?

ஈசூன் வாசகி:

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் யானைக்காது, ஹெலிகோனியா, பறவைக்கூட்டுப் பெரணி ஆகிய மூன்றையும் சென்ற அக்டோபரிலிருந்து வளர்த்து வருகிறேன். சீனப் புத்தாண்டு கழிந்தும் செழிப்பாக இருந்த யானைக்காதின் இலையில், மே மாதம் பிறந்ததும் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு விழுந்தது. இப்போது அந்த இடம் அப்பளம்போல் காய்ந்து, தொட்டால் நொறுங்குகிறது. ஹெலிகோனியாவிலோ கீழ் இலைகளின் நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் கருகியுள்ளன. சத்துக் குறைவு என்று எண்ணி இரண்டு முறை குருணை உரம் இட்டேன். கருகல் கூடியதே தவிரக் குறையவில்லை. இது பூஞ்சை நோய், மற்றவற்றுக்குப் பரவுமுன் எறிந்துவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு மனம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

ஜூரோங் தோட்டக்காரர்:

அம்மா, எறிந்துவிடாதீர்கள். அக்டோபர் முதல் ஒத்துக்கொண்ட இடம் மே மாதத்தில் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் தாழ்வாரம் வடக்குப் பார்த்ததா என்று கைப்பேசியின் திசைகாட்டியில் பாருங்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி, அதற்குச் சற்றே வடக்கில் இருப்பதால், மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கிலும், எஞ்சிய மாதங்களில் தெற்கிலும் நிற்கும். ஆகவே ஆண்டிறுதியில் முழு நிழலாக இருக்கும் வடக்குத் தாழ்வாரத்துக்குள், மே, ஜூன் மாதங்களில் காலையிலும் பிற்பகலிலும் வெயில் சாய்வாக நுழைகிறது. உச்சி வேளையில் மேல்தளம் மறைத்துவிடுவதால், அந்நேரம் மட்டும் எட்டிப் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

நிழலில் விரிந்த இலை மெல்லியது. திடீர் வெயிலைத் தாங்காது. அதிலும் அகன்ற இலையின் மேல் அசையாத காற்றுப்படலம் தடிமனாகப் படிவதால், சிறிய இலையைவிட அது மெதுவாகவே சூடு ஆறுகிறது. வேரும் வறண்டிருந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, நீராவிப்போக்கால் கிடைக்கும் குளிர்ச்சியும் நின்று, பச்சையம் சிதைந்து அந்த இடம் வெளிறிக் காய்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மேலே உள்ள இலையின் நிழல் விழும் பகுதி பச்சையாகவே இருந்து, நிழல் முடியும் கோட்டில் திட்டு தொடங்கினால் அது வெயில்தான். பூஞ்சை அப்படிக் கோடு பார்த்து நிற்பதில்லை. திட்டின் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். நீர் ஊறினாற்போல, மஞ்சள் வளையத்தோடு கோட்டைத் தாண்டிப் பரவினால் மட்டும் நோயென்று ஐயப்படலாம்.

தெம்பனிஸ் மாடித்தோட்டம்:

ஹெலிகோனியாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது வேறு கோளாறு. முதிர்ந்த இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும் கருகல் பெரும்பாலும் உப்பு மிகுதியால் வருவது. வேர் உறிஞ்சிய உப்பு நீரோடு இலை விளிம்புவரை சென்று, நீர் ஆவியானபின் அங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் இட்ட உரம் அதைக் கூட்டியிருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? இருந்தால் மேலே கிடக்கும் குருணையை வழித்தெடுத்துவிட்டு, தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அதன் கொள்ளளவைப்போல் மூன்று நான்கு மடங்கு நீரை மெல்ல ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கக் கூடாது. வடிந்த உப்பை மண் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். இரண்டு மாதம் உரமே வேண்டாம். அதன்பிறகும் கீழ் இலைகளின் ஓரம் கருகினால், பொட்டாசியக் குறைவும் இதே தோற்றத்தைத் தரும் என்பதை நினைவில் வையுங்கள். குளிர்சாதன வெளிக்கருவியின் சூடான காற்று செடிமேல் படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஈசூன் வாசகி:

இருவருக்கும் நன்றி. தாழ்வாரம் வடக்கேதான் பார்க்கிறது. பேனாக் கோட்டைப் பத்து நாளாகியும் திட்டு தாண்டவில்லை. தொட்டி விளிம்பைச் சுரண்டியபோது நகத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியது. கருகிய இலைகளை வெட்டிவிடலாமா?

ஜூரோங் தோட்டக்காரர்:

காய்ந்த இடம் மீண்டும் பச்சையாகாது. ஆனால் பாதிக்குமேல் பச்சையாக உள்ள இலை இன்னமும் செடிக்கு உணவு சமைக்கிறது, அதை விட்டுவைப்பதே நல்லது. ஓரத்தைக் கத்தரிப்பதானால் பச்சையில் காயம் படாதபடி நூலளவு பழுப்பை விட்டு வெட்டுங்கள். யானைக்காதின் பால் பட்டால் தோல் அரிக்கும் என்பதால் கையுறை அவசியம்.

பறவைக்கூட்டுப் பெரணியை இன்றே உள்பக்கச் சுவரோரம் நகர்த்துங்கள், நேர் வெயிலை அது தாங்காது. நடப்பதற்கு 1.2 மீட்டர் இடம் விடவேண்டும் என்பது விதி. நகர்த்தினால் அவ்வளவு இடம் மிஞ்சாது என்றால் செடிகளை இருந்த இடத்திலேயே வைத்து, 50 விழுக்காட்டு நிழல்வலையைச் செப்டம்பர் மூன்றாம் வாரம்வரை கட்டி வையுங்கள். யானைக்காதை வெயிலுக்குப் பழக்க விரும்பினால், இளங்காலை வெயிலில் அரை மணி நேரம் வைக்கத் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை சிறிது கூட்டி, மூன்று வாரத்தில் பழக்கலாம்; அந்த வெளிச்சத்தில் விரியும் புது இலை தடிப்பாகவே வரும். தெற்குப் பார்த்த தாழ்வாரம் உள்ளவர்கள் இதே நிழல் ஏற்பாட்டைச் செப்டம்பர் இறுதியில் தொடங்க வேண்டும்.