விரல் நுழையும் வாய், உள்ளே முழுப் பானை: டேவிட் எல்ஸ்வொர்த் எப்படிக் கடைந்தார்?

தாமிரபரணிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் லேத்தில் மரம் கடையும் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்து குழந்தைகள் விளையாடும் மரச் செப்புச் சாமான்தான். குட்டி அம்மி, குடம், திருகை, எல்லாவற்றுக்கும் அரக்கு. போன மாதம் சாமான் எடுக்க வந்தவர் போனில் ஒரு படம் காட்டினார். அமெரிக்காவில் டேவிட் எல்ஸ்வொர்த் என்பவர் கடைந்த மரப்பானை. தோள் நன்றாக அகன்று உருண்டிருக்கிறது, வாயோ ஒரு விரல் நுழையும் அளவுதான். உள்ளே முழுக்கக் குடைந்ததாம், சுவர் அவ்வளவு மெல்லியதாம்.

நாங்கள் கடையும் குடத்தில் வாய்க்கு நேர் கீழே கொஞ்சம் குடைவோம், அவ்வளவுதான். தோளுக்கு அடியில் உளி எப்படிப் போகும்? ஆசை விடவில்லை. பழைய உளி ஒன்றைக் கொல்லரிடம் கொடுத்து வளைத்து வாங்கி, காய்ந்த வேப்பங்கட்டையில் முயன்றேன். பாதி வரை போனது. அப்புறம் உள்ளே உளி கடித்து இழுத்தது. என் தோள் வரை அதிர்ந்தது. கட்டை பிளந்து ஒரு பாதி சுவரில் போய் அடித்தது. முகத்துக்கு மூடி போட்டிருந்ததால் தப்பித்தேன்.

இரண்டு பாதியாகக் கடைந்து ஒட்டுகிறாரா? உள்ளே கண் போகாதபோது சுவர் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்? இன்னொன்று. தண்ணீர் ஊற்றவும் ஆகாத, அரிசி போடவும் ஆகாத பானையைக் கடைந்து ஒரு மனிதர் எப்படிக் காலம் தள்ளினார்? என் மகன் பட்டறைக்கு வருவானா, கோயம்புத்தூர் போவானா என்று இருக்கிற நேரம். அதனால் இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரிது.

கேரேஜ் கடைசல்:

அண்ணாச்சி, வணக்கம். எனக்குப் பாளையங்கோட்டை. இப்போது நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரியில் கேரேஜில் கடைசல். பதினோரு வருடமாகிறது. முதலில், உங்களுக்கு அடி படாமல் போனதே பெரிய நிம்மதி.

ஒட்டு கிடையாது. ஒரே கட்டை. காய்ந்த மரமில்லை, ஈர மரம். வெளி உருவத்தை முடித்துவிட்டு, நடுவில் ஆழம் வரை ஒரு துளை போடுவார்கள். அந்தத் துளை வழியாக நேர் உளி கொஞ்சம் இடம் உண்டாக்கும். அப்புறம்தான் வளைந்த உளி. அதன் நுனியில் வெட்டுகிற எஃகுத் துண்டு மிகச் சின்னது. நீங்கள் உளியின் முழு வாயோடு உள்ளே போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கடித்ததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, உளியின் வளைந்த பகுதி, உளியை வைக்கும் தாங்கியின் மேல் உட்காரவே கூடாது. நேரான தண்டுதான் உட்கார வேண்டும். வளைவு உட்கார்ந்தால் உளி கைக்குள் முறுக்கிக்கொள்ளும்.

வாயை ஒட்டிய சுவரை முதலில் முழுதாக மெலித்து முடித்துவிட்டு, அப்புறம்தான் கீழே இறங்க வேண்டும். அடியில் கனம் இருக்கும்வரை கட்டை அதிராது. கீழே குடைந்துவிட்டு மேலே திரும்பி வந்தால் போச்சு. மரச்சுருள் உள்ளே அடைத்துக்கொள்ளும். அடிக்கடி லேத்தை நிறுத்திக் கொட்டிவிடுங்கள்.

சுவரின் கனத்துக்குக் கொக்கி போல வளைத்த கம்பி போதும். ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே. அதைவிடக் காதுதான் முக்கியம். கனமான சுவரில் உளி படும்போது வருகிற சத்தமும் மெலிந்த சுவரில் வருகிற சத்தமும் ஒன்றல்ல. எல்ஸ்வொர்த் கண்ணை நம்பாமல் கையையும் காதையும் நம்பிக் கடைந்தவர்.

சரி, பிழைப்பு. அவர் பரம்பரைக் கடைசல்காரர் இல்லை. 1944இல் பிறந்தவர், சிற்பம் படித்தவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1973இல் முதுகலை. 1974இல் அதே மாநிலத்தில் ஆண்டர்சன் ராஞ்ச் கலை மையத்தில் மரவேலைப் பிரிவைத் தொடங்கினார். 1975இல் போல்டரில் சொந்தப் பட்டறை. அந்தப் பக்கத்துப் பழங்குடி மக்களின் மண்பானைகள் மேல் அவருக்குப் பெரிய ஈர்ப்பு. நீங்கள் பார்த்த அந்தத் தோள் அங்கிருந்து வந்தது. சிற்பியின் கண்ணோடு லேத்துக்கு வந்ததால், பானைக்குள் எதையாவது வைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்குத்தான் அவர் சுவர் கட்டினார்.

இதைவிட எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அந்த வித்தையை அவர் பூட்டி வைக்கவில்லை. 1979இலேயே ஒரு மரவேலைப் பத்திரிகையில் குடையும் முறையை எழுதிவிட்டார். 1985இல் டென்னசியின் ஆரோமாண்ட் பள்ளியில் கடைசல்காரர்கள் கூடினார்கள், அதிலிருந்து 1986இல் அமெரிக்கக் கடைசல்காரர் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் அவர்தான். பிறகு பென்சில்வேனியாவில் குவேக்கர்டவுன் பக்கம் வீட்டுப் பட்டறையிலேயே பள்ளி நடத்தினார். அவர் தீட்டுகிற முறைப்படி அமைந்த நகவுளி, அதாவது வாய் விரல் நகம் போல வளைந்த உளி, அவர் பெயரிலேயே கடையில் கிடைக்கிறது. ஸ்மித்சோனியன், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகங்களில் அவர் பானைகள் இருக்கின்றன. ஆனால் என்னைப் போன்றவர்கள் கைக்கு அவர் வந்து சேர்ந்தது அந்த நகவுளி வழியாக. பானை விற்றும், கற்றுக்கொடுத்தும், கருவி வழியாகவும் வாழ்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

உளிச்சத்தம்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பிழைப்பு விஷயத்தில் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இத்தகைய பானையைத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் ஒரு கூட்டமாகவே உருவானார்கள். இங்கே அப்படி இல்லை. நான் பூவரசில் மூன்று கடைந்து சென்னையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். உள்ளே கண்ணாடிக் குழாய் வைத்துக் கொடுத்தால் பூ ஜாடியாக விற்கலாம் என்றார்கள். மனசு கேட்கவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன். செப்புச் சாமானை விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் இதற்கு ஒதுக்குங்கள். மெல்லிசாகக் கடையப் பழகின கைக்குச் சின்னக் குடமும் வேறு மாதிரி வரும், இது என் அனுபவம்.

தாமிரபரணிக்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரும்புத் தண்டின் நுனியில் 6 மி.மீ. எஃகுத் துண்டு வைத்துப் புது உளி செய்தேன். வாசலில் விழுந்த பூவரசங்கிளை, ஈரத்தோடு. முதல் கட்டை அடியில் ஓட்டை விழுந்தது. இரண்டாவதில் பாதி போகும்போது, அந்தப் பக்கம் அரக்கு உருட்டிக்கொண்டிருந்த மகன், “அப்பா, சத்தம் மாறுது” என்றான். எனக்குக் கேட்கவில்லை. நிறுத்திக் கம்பியை விட்டுப் பார்த்தேன், 4 மி.மீ.தான் இருந்தது. அவனையே பக்கத்தில் நிற்க வைத்து மீதியை முடித்தேன்.

காய்ந்து லேசாக முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறது. வெடிப்பு இல்லை. கட்டையை லேத்தில் பிடிக்கும் பிளேட்டில் முடுக்கிய ஸ்க்ரூ ஓட்டை நாலும் அடியில் அப்படியே தெரிகிறது. வாய் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது கவிழ்த்து மாட்டி அடியை எப்படிக் கடைவது? யாராவது படம் இருந்தால் போடுங்கள்.