டிரான்சாக்‌ஷன்: ‘பரிவர்த்தனை’யா, ‘ஒருங்குவினை’யா?

அன்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தளச் சொற்பட்டியலில் டிரான்சாக்‌ஷன் என்பதற்குப் ‘பரிவர்த்தனை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் எழுதியிருந்தார். வங்கித் துறையில் வேரூன்றிய சொல்லைக் கைவிடக் கூடாது என்ற அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் தரவுத்தளத்துக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

பரிவர்த்தனை என்றால் இருவரிடையே ஏதேனும் கைமாற வேண்டும். தரவுத்தளத்தில் டிரான்சாக்‌ஷன் குறிப்பதோ வேறொன்றை. எடுத்துக்காட்டாக, நூலகத்தில் ஒரு நூலை இரவல் தரும்போது, நூற்படியின் நிலை ஓர் அட்டவணையில் மாற்றப்படுகிறது. இரவல் பெற்றவர் பெயரில் மற்றோர் அட்டவணையில் புதிய வரி சேர்க்கப்படுகிறது. முதல் மாற்றம் முடிந்து இரண்டாவது தொடங்குமுன் கணினி நின்றுவிட்டால், நூல் வெளியே போனதாக ஓர் அட்டவணை சொல்லும். யாரிடம் போனது என்பதற்கு மற்றதில் பதிவே இராது. இந்த அரைகுறை நிலையைத் தடுக்கவே, நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டுமே நடவாதவை ஆக வேண்டும் என்று அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறோம். இந்தக் கட்டுதான் டிரான்சாக்‌ஷன். எதையும் மாற்றாமல் தரவைப் படிக்க மட்டும் செய்யும் டிரான்சாக்‌ஷனும் உண்டு. அதைப் பரிவர்த்தனை என்பது எவ்வகையிலும் சரியாகாது.

1981-இல் இக்கருத்தை விளக்கிய கணினி அறிஞர் ஜிம் கிரே, அதன் வேர் ஒப்பந்தச் சட்டத்தில் இருப்பதாகக் காட்டினார் என்பது உண்மையே. ஆயினும் 1983-இல் ஹேர்டர், ராய்ட்டர் என்னும் கணினி அறிஞர்கள் தொகுத்துரைத்த பகாத்தன்மை (பாதியில் பிரியாமை), முரணின்மை (தரவின் விதிகளை மீறாமை), தனிமை (ஒன்றில் மற்றொன்று குறுக்கிடாமை), நிலைப்பு (முடிந்தது அழியாமை) ஆகிய நான்கு பண்புகளுள் கொடுக்கல் வாங்கலைக் கட்டாயமாக்குவது எதுவுமில்லை.

‘முற்றுவினை’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். இலக்கணத்தில் முற்றும் எச்சமும் எதிரெதிரே நிற்பதால் அழகான சொல்தான். ஆனால் இடையில் கைவிடப்பட்டதை ‘முற்றாத முற்றுவினை’ என்று எழுத நேரும்.

எனவே ‘ஒருங்குவினை’ என்பதை முன்மொழிகிறேன். ஒருங்குறி (யூனிகோட்) என்ற சொல்லால் நமக்குப் பழகிய ‘ஒருங்கு’, சேர்ந்து என்றும் முழுவதும் என்றும் பொருள் தருவதால், ஒருங்கே நிறைவேறுவதற்கும் ஒருங்கே ஒழிவதற்கும் இச்சொல் இடம் தருகிறது. மாற்றங்களை நிலையாக ஏற்கும் கமிட் என்பதற்கு ‘உறுதிசெய்தல்’, அவற்றை நீக்கிப் பழைய நிலைக்கு மீளும் ரோல்பேக் என்பதற்குத் ‘திரும்பப்பெறல்’ என்று கொண்டால், “கணினி மீண்டும் இயங்கும்போது, முன்னரே எழுதிவைத்த பதிவேட்டைப் படித்து, உறுதிசெய்யப்பட்ட ஒருங்குவினைகள் தரவுப் பக்கங்களில் நிறைவேற்றப்படும், மற்றவை திரும்பப்பெறப்படும்” என்ற வாக்கியம் தடையின்றி ஓடுகிறது.

ஒரு தடை எழக்கூடும். ‘ஒருங்கே’ என்பதை ‘ஒரே நேரத்தில்’ என்றும் கொள்வதுண்டு. பலர் ஒரே வரியை ஒரே வேளையில் மாற்ற முயலும் கன்கரன்சியோடு அது குழம்பலாம். கன்கரன்சிக்கு ‘உடனிகழ்வு’ என்பதை மட்டுமே ஆண்டால், ‘உடனிகழ் ஒருங்குவினைகள்’ என்று தெளிவாக எழுதலாம். ஒருவர் மாற்றும் தரவில் பிறர் குறுக்கிடாமல் தடுக்கும் பூட்டுகள் பற்றிய இயலை எழுதிவரும் அன்பர்கள், இச்சொற்களைத் தங்கள் வரைவில் இட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.