2011 தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க்: 15 ஆண்டு நிறைவடையப் போகும் வண்டியை நெடும்பயணத்துக்காக வாங்கலாமா?

உறையூர்வாசி கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 48. திருச்சியில் வேலை பார்க்கிறேன். இருபது ஆண்டுகளாக 100 சிசி வண்டி ஒன்றை மட்டுமே ஓட்டி வருகிறேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால், மாதம் ஒருமுறையாவது நானும் என் மனைவியும் வண்டியிலேயே எங்காவது போய்வர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கொல்லிமலை, தரங்கம்பாடி, தனுஷ்கோடி ஆகிய மூன்றும் முதல் பட்டியலில் உள்ளன.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஓய்வுபெற்ற ஒருவரிடம் 2011ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க் (கால்களை முன்னே நீட்டி ஓட்டும் 350 சிசி க்ரூசர் வகை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அவர்தான் முதல் உரிமையாளர். 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் உறைபோட்டு நின்றிருக்கிறது. ₹70,000 கேட்கிறார். பதிவுச் சான்றின் 15 ஆண்டு இந்த நவம்பரில் முடிகிறது. நேற்று போய்ப் பார்த்தபோது வண்டி ஒரே தட்டலில் கிளம்பியது. சத்தமும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதாலேயே ஏமாந்துவிடக் கூடாது என்ற அச்சமும் இருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? இந்த வகை வண்டி இருவர் நெடுந்தூரம் செல்ல உண்மையிலேயே ஏற்றதுதானா?

பழைய சாவி எழுதியது:

ஐயா, அதே வகையின் 2010 வண்டியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். "ஒரே தட்டலில் கிளம்பியது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குச் சற்று உறுத்துகிறது. நீங்கள் போவதற்கு முன்பே அவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தாரா என்று பார்த்தீர்களா? மீண்டும் போகும்போது, நீங்கள் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது.

இந்த எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் உறுப்பு) இருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடுவதால், கிளப்பியவுடன் சில விநாடிகள் 'டிக் டிக்' என்று கேட்பது இயல்பே. ஆயில் ஏறியதும் அது அடங்கிவிட வேண்டும். நன்றாகச் சூடான பிறகும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விலகிவிடுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அப்படியானால் பிஸ்டன் ரிங் வரை செலவு போகக்கூடும்.

அடுத்தது ஸ்ப்ராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொண்டுபோய், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மோட்டாரை விடுவித்துவிடும் உறுப்பு இது. பேட்டரி வலுவிழந்திருக்கும்போது செல்ஃப் பொத்தானை விடாமல் அழுத்தினால், பெரிய பிஸ்டனை மேலே தள்ள முடியாமல் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். அந்த அடி முழுவதும் இதன்மேல்தான் விழும். ஒரு மார்கழிக் காலையில், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், கிக்கரை உதைக்கச் சோம்பல்பட்டு, இறங்கிப்போன பேட்டரியோடு நான் பத்துமுறை அழுத்தினேன். பதினோராவது முறை 'கர்ர்ர்' என்று கல்லை அரைப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. தவறு முழுக்க என்னுடையதுதான். எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து அதை மாற்றியதில் ஒரு மாதச் சேமிப்பு போனது. அன்றிலிருந்து தினமும் முதல் தடவை கிக்கரில்தான் கிளப்புகிறேன். நீங்கள் பார்க்கப்போகும் வண்டியில் செல்ஃபை நாலைந்து முறை இயக்கி, அந்த அரைபடும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்: எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையிலும் காட்ட வேண்டும். ஓடும்போதும் எண் ஏறவில்லையென்றால் சார்ஜ் ஆவதில் கோளாறு.

டயரின் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். '3217' என்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். நின்றே கழிந்த வண்டியின் டயர் தேயாது, ஆனால் இறுகிவிடும், மழையில் பிடிக்காது. இரண்டு டயர், பேட்டரி, செயின் ஸ்ப்ராக்கெட், கோன் செட் (கைப்பிடி திரும்பும் இடத்துப் பேரிங்), முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் ஆகியவற்றை மாற்ற ஆகும் செலவையும் சேர்த்துத்தான் அவர் சொல்லும் ₹70,000ஐப் பார்க்க வேண்டும்.

வண்டியைப் பற்றி ஒரு சொல். பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர், அதன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் எஞ்சின் இது. மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டரில் நாள் முழுதும் ஓடும். 100க்கு மேல் துரத்தினால் கைப்பிடியும் கால்மிதியும் அதிரும், நட்டுகள் தளரும். நான்குவழிச் சாலையில் கார்கள் உங்களைத் தாண்டிப் போகட்டும்.

கார்புரேட்டர் காதலன் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டாங்க் மூடியைத் திறந்து, கைவிளக்கு அடித்து உள்ளே பாருங்கள். இப்போது நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த நீர் பிரிந்து அடியில் தங்கி, டாங்க்கின் உட்புறம் துருப்பிடிக்கும். 2011இல் செய்யப்பட்ட ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்தக் கலவைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே வாங்கிய முதல் வாரத்திலேயே பெட்ரோல் குழாயைப் புதிதாகப் போட்டு, கார்புரேட்டரைக் கழற்றி, பைலட் ஜெட்டை (குறைந்த சுழற்சியில் பெட்ரோல் வரும் சிறு துளை) சுத்தம் செய்து, உள்ளிருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டினாலே பாதித் தொல்லை வராது.

கொங்கு வழிப்போக்கன் எழுதியது:

எல்லோரும் எப்படி வாங்குவது என்றே சொல்கிறீர்கள். வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு யாரும் விடை தரவில்லை. 100 சிசி வண்டியிலிருந்து ஏறத்தாழ 180 கிலோ எடையுள்ள வண்டிக்கு, அதுவும் 48 வயதில், மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மாறப் போகிறார். அந்த வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2020இல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350இல் இரண்டு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உண்டு. அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் தண்டும் உண்டு. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. சற்றுக் கடன் வாங்கியாவது புதியதை எடுப்பதே குடும்பஸ்தருக்கு நல்லது என்பது என் கருத்து.

பழைய சாவி எழுதியது:

ஏபிஎஸ் பற்றி அவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். மழைக்காலத்தில் நானே ஏங்கியிருக்கிறேன். ஆனால் மலையிறக்கத்தில் ஏபிஎஸ்ஸைவிட முதலில் கை கொடுப்பது கியர்தான். ஏறிய கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவதில், இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பத்தாவது வளைவில் பிடிப்பு குறைந்துவிடும். இவ்வகை வண்டியின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால் குறுகிய வளைவில் அகலமாகத்தான் திரும்பும். அதையும் மனத்தில் வையுங்கள். முதல் மாதம் தனியாகவே ஓட்டிப் பழகுங்கள். மனைவியாரைப் பிறகு ஏற்றுங்கள்.

இருவர் நெடுந்தூரம் செல்ல ஏற்றதா என்று கேட்டிருந்தீர்கள், உட்காரும் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கால் முன்னால் நீண்டு, கைப்பிடி நெஞ்சுக்கு நேராக வருவதால் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வலி இல்லை. ஆனால் உடல் எடை முழுவதும் இடுப்பெலும்பின் அடியில் இறங்கும். சாதாரண வண்டியில் குழியைக் கண்டால் கால்மிதியில் ஊன்றி உடலைச் சற்று மேலே தூக்கிக்கொள்வோம். இதில் கால் முன்னே இருப்பதால் அது எளிதல்ல. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். ஆகவே 70, 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கித் தேநீர் குடித்துவிட்டு நடங்கள். பின்னால் அமர்பவர்தான் உண்மையில் சொகுசாக வருவார். சாய்மானம் இருப்பதால் என் துணைவியார் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

தனுஷ்கோடி போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் போடுங்கள். உப்புக்காற்று குரோமியப் பூச்சை விட்டுவைக்காது.

ஆவணம்: பதிவுச் சான்றைப் புதுப்பிக்கப் படிவம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். வண்டியை நேரில் காட்ட வேண்டும். புதுப்பித்தால் 5 ஆண்டு செல்லும். 2022 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் ₹1,000; பசுமை வரி தனி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அவர் கடனில் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்தபின் சான்றிலுள்ள கடன் பதிவை நீக்கிவிட்டாரா என்று பாருங்கள். அதற்குப் படிவம் 35.

உறையூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு காலை ஆறரை மணிக்குச் சொல்லிவைத்துப் போனேன். எஞ்சின் சில்லென்று இருந்தது. செல்ஃபில் கிளம்பவில்லை, பேட்டரி 11.9 காட்டியது. பெரியவர் சிரித்துக்கொண்டே கிக்கரை உதைத்தார், நான்காவது உதையில் கிளம்பியது. டேப்பட் சத்தம் சில விநாடிகளில் அடங்கிவிட்டது, புகை இல்லை. வேறொரு பேட்டரியை இணைத்து செல்ஃபை ஐந்து முறை பார்த்தோம், அரைபடும் சத்தம் கேட்கவில்லை. பின் டயர் '4115'. டாங்க்கின் அடியில் லேசாகத் துரு. எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் ₹58,000க்கு இறங்கிவிட்டார். கடன் ஏதுமில்லை.

வழிப்போக்கன் ஐயாவின் கருத்தை என் மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "கொல்லிமலைக்குப் பேருந்தில் போகலாம், தரங்கம்பாடிக்கு இதில் போகலாம்" என்றார். முன்பணம் ₹5,000 கொடுத்திருக்கிறேன். பதிவைப் புதுப்பித்துத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், பெயர் மாற்றம் அதன்பின். கார்புரேட்டர் வேலை தெரிந்த பட்டறை உறையூர், தில்லைநகர்ப் பக்கம் இருந்தால் யாராவது தனிச்செய்தியில் சொல்லுங்கள்.